எதிர்த்தரப்பின் ஏழு பக்கங்கள்

போன வியாழக்கிழமை மாலை நான்கு மணி இருபது நிமிடம். அரங்கத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவை கோப்பைகள். மேடை மேஜையின் மேல் ஐந்து. வெள்ளி நிறம். உயரவாரியாக நிறுத்தியிருந்தார்கள்.

நகரத்துச் சட்டக் கல்லூரி ஒன்றின் ஆண்டு விழா. அழைப்பு வந்திருந்தது, போனேன். முதல்வர் ஆண்டறிக்கை வாசித்தார். அதில் ஒரு பகுதிக்கு 'இடையூறுகள் மிகுந்த கல்வியாண்டிலும் நம் மாணவர்கள் புரிந்த சாதனைகள்' என்று தலைப்பு. கேரம் போட்டியில் கோப்பை. ரத்ததான முகாம். வெளியூரில் நடந்த மாதிரி நீதிமன்றப் போட்டியில் இரண்டாம் இடம். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல்.

இடையூறு – எவ்வளவு அடக்கமான சொல்! முதலில் வேலைநிறுத்தம். அப்புறம் வகுப்புப் புறக்கணிப்பு. அதற்கும் அப்புறம் 'மறு அறிவிப்பு வரும் வரை' கல்லூரி மூடல். ஐந்து மாதம் கேட்டில் பூட்டுத் தொங்கியது. அறிக்கையில் அதற்கு ஒரே ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

என் பக்கத்து நாற்காலியில் சகாயமேரி. இறுதியாண்டு மாணவி. சேலையூரில் வீடு. அப்பா, அம்மா இருவரும் ஆசிரியர்கள்.

"உங்க சமாச்சாரம் லிஸ்ட்ல இல்லையே?" என்றேன்.

"நாங்க எழுதிக் கொடுக்கல சார்."

"ஏன்?"

"அது சாதனை இல்ல சார். தப்பு. நான் பண்ணின தப்பு."

தப்புதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த ஐந்து மாதத்தில் நான் நேரில் பார்த்ததில் எழுதத் தகுந்தது அது ஒன்றுதான். எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க சார். ஆனா என் தப்பைக் குறைச்சு எழுதாதீங்க" என்றார்.

குறைக்கவில்லை.

*

கல்லூரி மூடினால் மாணவர்கள் என்ன செய்வார்கள்? சினிமாவுக்குப் போவார்கள். ஊருக்குப் போவார்கள். தூங்குவார்கள். இவர்களும் முதல் இரண்டு வாரம் அதைத்தான் செய்தார்கள்.

இவர்கள் என்றால் – ஒரே எலெக்ட்ரிக் ட்ரெயினில், ஒரே பெட்டியில் கல்லூரிக்குப் போய் வந்துகொண்டிருந்த பதினோரு பேர். குரோம்பேட்டை, பம்மல், சேலையூர், பெருங்களத்தூர், அந்தப் பக்கம் கூடுவாஞ்சேரி வரை. மூன்றாவது வாரம் மேற்குத் தாம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடியைக் கேட்டு வாங்கினார்கள். ஆளுக்கொரு பாடம். ஒப்பந்தச் சட்டத்தை யார் நன்றாகப் படித்திருக்கிறாரோ அவர் மற்ற பத்துப் பேருக்கும் நடத்துவார். சாட்சியச் சட்டத்துக்கு வேறொருவர். கீழே நாற்பது டைப்ரைட்டர்கள் ஒரே நேரத்தில் ஓடும் – அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் சட்டம் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் கோர்ட்டில் இவர்களுக்குத் தொண்டை பிரச்சினை வராது.

ஞாயிற்றுக்கிழமை கீழே மெஷின்கள் ஓய்வு. அன்று காலை ஏழரை மணிக்கு மாடியில் மூட் கோர்ட் – மாதிரி நீதிமன்றம். ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு இரண்டு தரப்பாகப் பிரிந்து வாதாடுவது.

வாதாட ஆள் இருந்தது. நீதிபதிதான் இல்லை. எந்த வக்கீல் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தாம்பரத்துக்கு வருவார்? கடைசியில் கிழக்குத் தாம்பரத்தில் குடியிருக்கும் என்னைத் தேடி வந்தார்கள். கோர்ட் செய்திகளைப் பதினோரு வருடம் எழுதியவன் என்பதுதான் என் தகுதி.

"தீர்ப்பு எழுதறவர் வேற, தீர்ப்பைப் பத்தி எழுதறவன் வேறப்பா" என்றேன்.

"ரெண்டு பேருக்கும் டீ ஒண்ணுதான் சார், வாங்க" என்றார் பாஸ்கர்.

பாஸ்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொழிச்சலூர்க்காரர். அப்பா, நெல் விளைந்த நிலத்தை மனை பிரித்து விற்றுவிட்டு பம்மல் ரோட்டில் சிமென்ட் கடை வைத்திருக்கிறார். மேடையில் ஏறினால் பாஸ்கரின் தமிழ் செய்தி வாசிப்பவரின் தமிழ். இறங்கினால் பொழிச்சலூர்.

அவர்களுடைய முறை இது. வழக்கு முடிவானதும் சீட்டுக் குலுக்குவார்கள். நீ எந்தத் தரப்பு என்பதைச் சீட்டுதான் சொல்லும். நீ எதை நம்புகிறாய் என்பது கேள்வியே இல்லை. இரண்டு தரப்பும் தங்கள் வாதக் குறிப்பை எழுதி, கீழே டைப் அடித்து, மேரியிடம் கொடுத்துவிட வேண்டும். மேரி அவற்றை ஒன்றாக அடுக்கி – மனுதாரர் மேலே, எதிர்த்தரப்பு கீழே – ஓட்டை போட்டு, பச்சை நாடாவால் இரட்டை முடிச்சுப் போட்டு, நீதிபதிக்குத் தருவார். ஞாயிறு தவறாமல் அந்தக் கட்டு என் முன்னால் இருக்கும். முடிச்சு அவிழ்க்க எனக்கு இரண்டு நிமிடம் ஆகும்.

*

ஒரு நாள் பாஸ்கர் சொன்னார்: "கற்பனை கேஸ் எதுக்கு? எங்க தெருவுலயே நெஜமா ஒண்ணு கீது."

அடுத்த நாள் முனியம்மாளை அழைத்து வந்தார்.

முனியம்மாள் ஒரு பள்ளியின் சத்துணவு மையத்தில் ஆயா. சமையலுக்கு உதவி, பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது. ஒரே மாதத்தில் பதினோரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வரவில்லை என்று வேலையை விட்டு நீக்கியிருந்தார்கள். மைய அமைப்பாளருக்கும் இவருக்கும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று முனியம்மாள் விரிவாகச் சொன்னார். அமைப்பாளரின் பதிலை நான் கேட்கவில்லை. அதனால் அதை இங்கே எழுதவில்லை.

வருகைப் பதிவேட்டை அமைப்பாளர்தான் எழுதுவார். ஆயாக்கள் கையெழுத்துப் போடுவதில்லை. ஆக, எழுதியதுதான் சாட்சி.

"ஒரு நாளு கூட மட்டம் போட்டதில்ல சாமி" என்றார் முனியம்மாள். "பள்ளிக்கூடத்தாண்ட வந்து கேட்டுப் பாரு. சட்டி கழுவிக் கமுத்திட்டுதான் வூட்டுக்கு வருவேன்."

மேரி எழுதிக்கொண்டார். ஒரு நாள் கூட.

"இந்த வேல போச்சுன்னா மறுபடியும் ஜல்லி ஒடைக்கத்தான் போவணும். இந்தக் கைய பாரு. சுத்தி புடிக்குமா இது?"

நீட்டினார். வலது மணிக்கட்டு வீங்கி, ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. பதினாறு வருடம் கல்குவாரியில் ஜல்லி உடைத்த கை. கணவர் இல்லை. ஒரே மகளைக் கூடுவாஞ்சேரியில் கட்டிக் கொடுத்திருந்தார்.

மேல்முறையீட்டு விசாரணை செங்கல்பட்டில். அதற்கு ஒரு மாதம்தான் இருந்தது. சட்டம் படிக்கிறவர்கள் வாதாட முடியாது. துணைக்குப் போகலாம், மனு எழுதித் தரலாம். பேச வேண்டியவர் முனியம்மாள்தான். முதலில் மூட் கோர்ட்டில் வைத்துப் பார்த்துவிடலாம், ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரியும் – இது மேரியின் யோசனை. நல்ல யோசனை என்றுதான் நானும் நினைத்தேன்.

சீட்டுக் குலுக்கினார்கள். முனியம்மாள் தரப்பு மேரிக்கு வந்தது. எதிர்த்தரப்பு – பாஸ்கருக்கு.

"ஐயோ... நான்தானே இட்டாந்தேன்? சீட்ட மாத்திக்கலாம் மேரி."

"மாத்தினா அது மூட் கோர்ட் இல்ல பாஸ்கர். மார்க்கெட்."

மாற்றவில்லை.

*

பாஸ்கர் பத்து நாள் மாடிக்கு வரவில்லை. அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார் என்று தகவல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை. மேரி முதலில் பேசினார். சுத்தமான வாதம். நோட்டீஸ் கொடுக்கவில்லை, விளக்கம் கேட்கவில்லை, பதிவேட்டில் தொழிலாளியின் கையெழுத்து இல்லை. கடைசி பெஞ்சில் முனியம்மாள் உட்கார்ந்திருந்தார். நல்ல புடவை கட்டி வந்திருந்தார். இது விளையாட்டு நீதிமன்றம் என்று இரண்டு முறை சொல்லியிருந்தோம். தலையாட்டினார். ஆனாலும் நல்ல புடவை.

பாஸ்கர் எழுந்தார். ஏழு பக்கம்.

பிள்ளைகளுக்குத் தேதி தெரியாது. ஆனால் முட்டை போட்ட நாள் தெரியும். மழைக்குப் பள்ளி சீக்கிரம் விட்ட நாள், சாம்பார் வாளி சாய்ந்து ஒருத்தியின் பாவாடை வீணான நாள், ஆபீசர் ஜீப் வந்த நாள்... ஒவ்வொரு நாளையும் தேதியோடு பொருத்தியிருந்தார். அன்று தட்டில் சோறு போட்டது யார் என்று கேட்டிருந்தார். பெயர், வகுப்பு, தெரு உட்பட. நான் நிருபராக இருந்த காலத்தில் இவ்வளவு பொறுமையாக விசாரித்ததில்லை.

"கனம் நீதிபதி அவர்களே, மனுதாரர் ஒரு நாள் கூட விடுப்பு எடுக்கவில்லை என்கிறார். பதினோரு நாட்களில் ஒன்பது நாட்கள் அவர்தான் சோறு போட்டார் என்று குழந்தைகள் சொல்கிறார்கள்; அவற்றைப் பற்றி எதிர்த்தரப்புக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் பதினான்காம் தேதியும் பதினைந்தாம் தேதியும் அவர் வேலைக்கு வரவில்லை. ஆறு குழந்தைகள் தனித்தனியாகச் சொன்னது இது. ஒரு தாயாரும் சொல்கிறார். மனுதாரர் இந்த நீதிமன்றத்தில் சொன்னது பொய்."

யாரோ மெதுவாக, "டேய் மச்சான், போதும்டா" என்றார்.

கடைசி பெஞ்சு நகரும் சத்தம். முனியம்மாள் எழுந்து நின்றிருந்தார்.

"இன்னா பாஸ்கரு... நீயே இட்டுகினு வந்துட்டு, நீயே குழி தோண்டுறியா?"

பாஸ்கர் திரும்பினார். செய்தி வாசிப்பவரின் தமிழ் போய்விட்டது.

"அக்கா... நான் எதிர்த்தரப்பு அக்கா."

"எந்தத் தரப்புன்னு எனக்கு இன்னா தெரியும்? வேல போனா போற தரப்பு நானு. அதான் தெரியும்."

உட்கார்ந்துவிட்டார். பிறகு, யாரும் கேட்காமலே, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மவளுக்கு வலி எடுத்துச்சின்னு ஆளு வந்து சொன்னாங்க. தலச்சம் புள்ள. ஓடுனேன். கூட வேல செய்யுற அஞ்சலயாண்ட சொல்லிட்டுத்தான் ஓடுனேன். எழுதியா குடுப்பாங்க அந்த நேரத்துல? ரெண்டு நாளுதான்... ரெண்டு நாளுன்னு ஒத்துக்கினா, மீதி ஒம்போதயும் நீதான்டின்னு தலையில கட்டுவாங்க. அதான் வாய மூடிக்கினேன்."

நான் தீர்ப்பு சொல்ல வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒத்திவைக்கிறேன் என்றேன். நீதிபதிகள் ஏன் ஒத்திவைக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

*

அப்புறம் நடந்ததுதான் உண்மையான வாதம். மனுவில் என்ன எழுதுவது?

மேரி பிடிவாதமாக இருந்தார். "பொய்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் 'ஒரு நாள் கூட'ன்னு டைப் பண்ண முடியாது. ரெண்டு நாளை நாமே சொல்லிடலாம். பிரசவம்னு சொன்னா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க."

"யாரும்னா யாரும்மா? உனக்கு ஆபீசர தெரியுமா?" – இது முனியம்மாள்.

சாட்சியச் சட்டத்தில் அதற்குப் பிரிவு கிடையாது.

வேலை முனியம்மாளுடையது. முடிவும் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு நாளை எழுதக்கூடாது என்றார். கடைசியில் ஒரு வாக்கியம் உருவானது: 'மனுதாரர் பதினோரு நாட்கள் பணிக்கு வரவில்லை என்ற குற்றச்சாட்டு உண்மையல்ல.' பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. வக்கீல்களின் வீட்டுக்கு அஸ்திவாரம் இப்படிப்பட்ட வாக்கியங்களில்தான் போடப்படுகிறது. பதினோரு பேரும் படித்துப் பார்த்துத் தலையசைத்தார்கள். ஒருவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

மனு நான்கு பக்கம். வெள்ளிக்கிழமை டைப் ஆகி வந்தது. மேரி அன்றிரவே வீட்டில், மூட் கோர்ட் காகிதங்கள் கிடந்த அதே மேஜையில் உட்கார்ந்து அடுக்கினார். ஓட்டை போட்டார். பச்சை நாடா. இரட்டை முடிச்சு. திங்கட்கிழமை ஒருவர் செங்கல்பட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு, முத்திரை வாங்கி வந்தார்.

நீங்கள் ஊகித்திருப்பீர்கள். மேரி ஊகிக்கவில்லை. யாரும் ஊகிக்கவில்லை.

*

விசாரணை அன்று நானும் போனேன். விடுப்பு எடுத்துக்கொண்டுதான். அந்த வாரம் கல்லூரி திறந்துவிட்டது. அன்று மேரிக்கும் பாஸ்கருக்கும் வகுப்பு இருந்தது. இருவரும் வந்தார்கள். பாஸ்கரிடம் முனியம்மாள் அந்த ஞாயிறுக்குப் பிறகு பேசவில்லை. ரயிலில் அவர் ஒரு கோடியில், இவர் ஒரு கோடியில்.

பதினொன்றேகால் மணிக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி ஒரு பெண்மணி. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் காகிதத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படிப்பவர். துறையின் சார்பில் ஒரு கிளார்க் வந்திருந்தார். கையில் ஒரு தாள்.

அதிகாரி முடிச்சை அவிழ்த்தார். இரண்டு நிமிடம்.

மனுவைப் படித்தார். ஐந்தாவது பக்கம் வந்தது. நிறுத்தினார்.

"எதிர்த்தரப்பு வாதக் குறிப்புன்னு ஒண்ணு இருக்கே. ஏழு பக்கம்." கிளார்க்கைப் பார்த்தார். "நீங்க கொடுத்ததா?"

"இல்லம்மா. நம்ம தரப்புல இதுதான்." கையில் இருந்த தாளை நீட்டினார். இரண்டு வரி. பதினோரு நாள் வரவில்லை, நீக்கப்பட்டார்.

எனக்கு முன்னால் நின்றிருந்த மேரியின் முதுகு அசையாமல் போனது. ஞாயிறு தவறாமல் நீதிபதிக்குக் கட்டிக் கொடுத்த கை. மனுதாரர் மேலே, எதிர்த்தரப்பு கீழே. இரண்டும் சேர்ந்தால்தான் கட்டு என்று பழகிய கை. பழக்கத்தில் இந்த நீதிபதிக்கும் அப்படியே கட்டிக் கொடுத்துவிட்டது.

"அம்மா... அது தவறுதலா சேர்ந்துடுச்சு. அது நாங்க பயிற்சிக்காக எழுதினது. தயவுசெஞ்சு திருப்பிக் கொடுத்துடுங்க."

"ஃபைல்ல சேர்ந்தது சேர்ந்ததுதான்" என்றார் அதிகாரி. "உக்காருங்க."

படிக்க ஆரம்பித்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது நிமிடம். முனியம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் மேரியின் முகம் தெரியும். பாஸ்கரின் முகமும் தெரியும். அதிகாரி கையில் இருப்பது எது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"முனியம்மாள் யாரு?"

"நான்தாம்மா."

"பதினாலு, பதினஞ்சு – ரெண்டு நாள் நீங்க வரலைன்னு இதுல இருக்கு. வந்தீங்களா, வரலையா?"

மறுக்கலாம். சாட்சிகள் பிள்ளைகள். வாக்குமூலம் எதுவும் இல்லை. எழுதிய பையனே பயிற்சிக்காக எழுதியது என்று சொல்லிவிட்டால் முடிந்தது. முனியம்மாள் திரும்பிப் பாஸ்கரைப் பார்த்தார். பாஸ்கர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது.

"போவலம்மா" என்றார் முனியம்மாள். "மவளுக்குப் பிரசவம். ரெண்டு நாளு போவல."

"மத்த ஒம்பது நாள்?"

"போனேன்."

"அதுக்கு யார் சாட்சி?"

"அந்தத் தம்பிதாம்மா அதுவும் எழுதிக்கீது. என்ன மாட்டி வுட எழுதுன காயிதத்துல, ஏம் பக்கத்தையும் எழுதிக்கீது. படிச்சுப் பாரு."

அதிகாரி கிளார்க்கிடம் திரும்பினார். "முட்டை கொடுத்த தேதி உங்க இருப்புப் பதிவேட்டுல இருக்கும் இல்ல?"

"இருக்கும்மா."

"அதை வரவழையுங்க. இந்தப் பையன் எழுதின தேதியோட ஒத்துப் பாக்கணும்."

பிறகு பாஸ்கரைப் பார்த்தார். "நீங்கதானா எதிர்த்தரப்பு?"

"ஆமாம்மா."

"யாருக்கு எதிரா எழுதறோம்னு தெரிஞ்சுதான் எழுதினீங்களா?"

"தெரியும்மா. எங்க தெரு."

அதிகாரி கண்ணாடியைக் கீழே இறக்கினார். உத்தரவு தபாலில் வரும் என்றார். பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்துவிட்டோம்.

*

திரும்பும் ரயிலில் மேரி முனியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஸாரிக்கா... நான்தான் சேர்த்துக் கட்டிட்டேன்."

"இன்னாத்துக்கும்மா அழுவுற? அவன் எழுதுனான். நீ கட்டுன. பொய் சொன்னது நானு. மூணு பேரும் சேந்துதான் செஞ்சோம்."

ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். கூடுவாஞ்சேரி நெருங்கியதும் எழுந்தார். கதவருகே நின்றிருந்த பாஸ்கரின் தோளில் ஒரு தட்டு.

"ஏய் எதிர்த்தரப்பு. எறங்கு."

"எங்கக்கா?"

"கொளந்தய வந்து பாரு. அதாலதான இம்மாம் ரகள."

வண்டி நின்றது. இருவரும் இறங்கினார்கள். முனியம்மாள் முன்னால், பாஸ்கர் இரண்டடி பின்னால். நானும் மேரியும் தாம்பரம் வந்து சேர்ந்தோம்.

ஒரு மாதம் தபால்காரரை முனியம்மாள் எப்படிப் பார்த்தார் என்பதை பாஸ்கர் எனக்குச் சொன்னார். அதை எழுதினால் இரக்கம் தேடுவதாக இருக்கும். உத்தரவு வந்தது. முட்டைத் தேதிகள் ஒத்துப்போயின. ஒன்பது நாள் வருகையை ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு நாளை விடுப்பாகக் கருதி, முன்கூட்டி எழுதித் தராததற்காக ஓர் எச்சரிக்கை. மீண்டும் பணி.

*

என் தொழிலில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள் – இரண்டு தரப்பையும் கேள். கேட்டிருக்கிறேன். எழுதியும் இருக்கிறேன். ஆனால் எனக்குப் பிடிக்காத தரப்பை, அதன் ஆளே எழுதினால் எப்படி எழுதுவாரோ அவ்வளவு நன்றாக எழுதினேனா? நினைத்துப் பார்த்தால் சங்கடமாக இருக்கிறது. அந்த மாணவர்கள் அதைச் சீட்டுக் குலுக்கிப் பழகினார்கள். பழக்கம் கைக்கு வந்துவிட்டது. கைக்கு வந்ததால்தான் தப்பு நடந்தது.

அதிகாரி வேறு மாதிரியாக இருந்திருந்தால்? அதே ஏழு பக்கம் முனியம்மாளின் வேலையை நிரந்தரமாகப் பறித்திருக்கும். மேரி இதை மறக்கவில்லை. அதனால்தான் லிஸ்டில் கொடுக்கவில்லை. மேடையில் கோப்பைகளை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தபோது அவரிடம் கேட்டேன் – இப்போதும் நீங்கள்தான் கட்டுகிறீர்களா?

"ஆமா சார். ஆனா கட்டறதுக்கு முன்னாடி மூணு தரம் எண்ணறேன்."

பாஸ்கரை வாசலில் பார்த்தேன். அவர் இப்போது ஒரு வக்கீலிடம் ஜூனியராகச் சேரப் பேசி வைத்திருக்கிறார். முனியம்மாளைப் பற்றி விசாரித்தேன்.

பேத்திக்குத் திருநீர்மலையில் முதல் மொட்டை. அதற்காகப் போன மாதம் முனியம்மாள் ஒரு நாள் விடுப்பு கேட்டிருக்கிறார். பாஸ்கரிடம் சொல்லி எழுதி வாங்கினார். அரைப் பக்கம், இரண்டு நகல். ஒன்றை அமைப்பாளரிடம் கொடுத்தார். மற்றதில் அவருடைய கையெழுத்தையும் தேதியையும் வாங்கி, வீட்டில் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார்.